துரை பங்களா கரண்டிப் பெட்டி: முதுகு முத்திரையும் முன்பக்க எழுத்தும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரை பங்களா சமையல்காரர். ஐம்பதுகளின் கடைசியில் துரை சீமைக்குத் திரும்பியபோது ஒரு மரப்பெட்டியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே பச்சைத் துணி ஒட்டிய தடங்களில் கரண்டி, முள்கரண்டி, கத்தி. முதுகில் சின்னக் கொடி ஒன்று, அதற்குள் டபிள்யூ, ஹெச் எழுத்துகள். பக்கத்தில் நான்கு குட்டிக் கேடயங்களில் இ, பி, என், எஸ். கொஞ்சம் தள்ளி ஏ1. முன்பக்கத்தில் பின்னிக்கொண்ட மூன்று எழுத்துகள், படிக்க முடியவில்லை. ஒரே ஒரு தேக்கரண்டியில் மட்டும் சிங்கமும் நங்கூரமும் இருக்கின்றன. "நாலு சீல் இருக்கு, சுத்த வெள்ளிதான்" என்கிறார் மாமா. டவுன் நகைக்கடைக்காரர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு "வெள்ளி இல்லை" என்று அனுப்பிவிட்டார். யார் சொல்வது சரி, எவ்வளவு பழசு, எழுத்து யாருடையது, அண்ணன் கல்யாண விருந்துக்கு எழுத்தைத் தேய்த்தெடுத்துவிட்டுப் புது முலாம் போடலாமா என்பவை கேள்விகள்.

பெட்டியைப் பொறுத்தவரை நகைக்கடைக்காரர் சொன்னது சரி. அந்தத் தேக்கரண்டியைப் பொறுத்தவரை மாமா சொன்னது சரி. எழுத்தை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தச் சாமான்களைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். முதுகில் இருப்பது செய்தவர் பேச்சு, முன்பக்கம் இருப்பது வைத்திருந்தவர் பேச்சு. கொடிக்குள் இருக்கும் எழுத்தைத் துரையின் பெயர் என்று நினைப்பவர்களும், துரையின் எழுத்தைக் கம்பெனிப் பெயர் என்று இணையத்தில் தேடுபவர்களும் நிறையப் பேர். இரண்டையும் தனித்தனியாக வாசிக்க வேண்டும்.

முதலில் முதுகு. இ.பி.என்.எஸ். என்றால் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசிய நிக்கல் சில்வர். நிக்கல் சில்வருக்குப் பெயரில் மட்டுமே வெள்ளி. உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம், அதில் செம்புதான் பாதிக்கு மேல். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் காப்புரிமை எடுத்த முறை இது. சாமானை வெள்ளிக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் வெள்ளி மெல்லிய தோலாக மேலே படியும். மாமாவை ஏமாற்றியவை அந்த நான்கு கேடயங்கள். அசல் வெள்ளியில் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடம் வரிசையாக முத்திரைகளைக் குத்தும். முலாம் கம்பெனிகள் அதே தோற்றம் வரட்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கேடயத்துக்குள் வைத்தார்கள், சிலர் படிக்கச் சிரமமான பழைய கோத்திக் எழுத்தில் வைத்தார்கள். சட்டப்படி தப்பில்லை, ஆனால் வாங்குபவர் கண்ணை மயக்கத்தான் செய்தார்கள் என்பது என் கருத்து. ஏ1 என்பதும் அரசுத் தரம் கிடையாது. முலாம் கனமாகப் போட்டது என்று அந்தந்தக் கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ்.

கொடிச் சின்னம் ஷெஃபீல்டின் வாக்கர் அண்ட் ஹால். 1845இல் தொடங்கியது. ஹோட்டல், கப்பல், ராணுவ மெஸ் என்று மொத்தமாகச் சப்ளை செய்த பெரிய கம்பெனி, அதனால் அவர்கள் சாமான் நம் பக்கம் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. 1963இல் எல்கிங்டன், மாப்பின் அண்ட் வெப் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே குழுமமாகிவிட்டது. மற்றப் பங்களாச் சாமான்களில் கண்ணில் படக்கூடியவை: ஜேம்ஸ் டிக்ஸன் என்றால் ஊதுகொம்பு, வில்லியம் ஹட்டன் என்றால் குறுக்கே போட்ட அம்புகள், மாப்பின் அண்ட் வெப் என்றால் 'பிரின்சஸ் பிளேட்' என்ற சொல். சில சமயம் செய்தவர் பெயரே இருக்காது, விற்ற கடையின் பெயர் மட்டும் இருக்கும். சிங்கப்பூர் ஜான் லிட்டில், ராபின்சன், மலாயா முழுக்கக் கிளை வைத்திருந்த வைட்டவே லெயிட்லா, சென்னை மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டுக் கட்டடம் வைத்திருக்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள். கடைப் பெயர் இருந்தால் சந்தோஷப்படுங்கள். சாமான் எந்த வழியாகத் தோட்டத்துக்கு வந்தது என்பது அதில் தெரியும், கம்பெனிப் பெயரில் அது தெரியாது.

தேய்ந்த இடம்கூட ஒரு முத்திரைதான். கரண்டிக் குழியின் அடிப்பக்கம், முள்ளின் நுனி, இந்த இரண்டும்தான் மேசையில் உராய்ந்து முதலில் தோலுரியும். அங்கே இளமஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் நிக்கல் சில்வர். சிவப்பாகச் செம்பு தெரிந்தால் அடியில் செம்பு இருக்கிறது. அப்படிப்பட்ட பழைய ஷெஃபீல்டு பிளேட், செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டிச் செய்தது; 1743 வாக்கில் தாமஸ் போல்சோவர் தொடங்கிய முறை. ஆனால் அதில் பாத்திரமும் மெழுகுவர்த்தித் தண்டும்தான் அதிகம், கரண்டி அபூர்வம். ஈயம் போல மங்கலாகச் சாம்பல் தெரிந்து, இ.பி.பி.எம். என்று போட்டிருந்தால் அடியில் பிரிட்டானியா மெட்டல். அது பெரும்பங்கு வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. சிலாங்கூர் பியூட்டருக்கு நெருங்கிய சொந்தம். தேநீர்க் கெண்டிகள் பெரும்பாலும் இதில் வரும். தப்பித்தவறி அடுப்பில் வைத்துவிடாதீர்கள், உருகிவிடும்.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அப்படியானால் வெள்ளிதான் என்று சிலர் சொல்வார்கள். நிக்கல் சில்வரும் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் இரும்பு போன்றவற்றை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். நகைக்கடை அமிலச் சோதனையும் மேற்பரப்பில் சுரண்டி எடுத்தால் முலாமைத்தான் சோதிக்கும். அடிவரை கீறிப் பார்க்க வேண்டும், கீறினால் சாமான் கெட்டது. முத்திரையை வாசிக்கத் தெரிந்தால் இந்த வேலைக்கே அவசியம் இல்லை.

எண்களில்தான் பெரிய பொறிகள் இருக்கின்றன. ஜெர்மன், பிரெஞ்சுச் சாமானில் 90 என்று இருந்தால் அது 90 சதவீத வெள்ளி கிடையாது. ஒரு டஜன் பெரிய கரண்டி, ஒரு டஜன் பெரிய முள்கரண்டி, இரண்டுக்கும் சேர்த்துப் பூசிய வெள்ளி 90 கிராம் என்று அர்த்தம். ஆனால் 800 என்று இருந்தால் அது ஐரோப்பியக் கண்டத்து அசல் வெள்ளி, ஆயிரத்தில் எண்ணூறு பங்கு. அமெரிக்காவின் ரோஜர்ஸ் சாமானில் 1847 என்று இருக்கும், அது செய்த ஆண்டு அல்ல, பிராண்டின் ஒரு பகுதி. நெவாடா சில்வர், பிரேசிலியன் சில்வர், பொட்டோசி சில்வர் என்று போட்டவை எல்லாம் வெள்ளியே இல்லாத கலப்பு உலோகங்கள். ஊர்ப் பெயரைக் கேட்டு வெள்ளிச் சுரங்கம் ஞாபகத்துக்கு வரட்டும் என்றுதான் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

இனி வயது. முலாம் சாமானுக்கு ஒரே ஒரு முத்திரையை வைத்து ஆண்டு சொல்வது கஷ்டம், பல குறிப்புகளைச் சேர்த்து வளையத்தை இறுக்க வேண்டும். கிரீடச் சின்னம் இருந்தால் 1896க்கு முந்தையது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஷெஃபீல்டு சோதனைக் கூடத்தின் அசல் வெள்ளி முத்திரையே கிரீடம்தான் என்பதால் முலாம் கம்பெனிகள் அதைப் போடக்கூடாது என்று அந்த ஆண்டு தடுத்துவிட்டார்கள். 'இங்கிலாந்து' என்று நாட்டுப் பெயர் இருந்தால் 1891க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இறக்குமதிச் சாமானில் நாட்டுப் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் கொண்டுவந்த காலம் அது. 'ஆர்.டி.' என்று தொடங்கும் நீண்ட எண் இருந்தால் பதிவு செய்த வடிவமைப்பு, அந்த எண்வரிசை 1884இல் தொடங்கியது.

உங்கள் பெட்டியில் இதையெல்லாம் விட நல்ல சாட்சி கத்திதான். அலகில் 'ஃபிர்த் ஸ்டெயின்லெஸ்' என்று படிக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல்தான் உருவாக்கினார். அடுத்த வருஷமே உலகப்போர் வந்து அந்த எஃகு ராணுவத் தேவைக்குப் போய்விட்டது. சாப்பாட்டுக் கத்தியாகப் பரவலாக வந்தது போர் முடிந்த பிறகு. எனவே கத்திகள் 1920களுக்கு முன்னே போக வாய்ப்பு மிகக் குறைவு. கரண்டிகளும் கத்திகளும் ஒரே சமயம் வாங்கியவை என்றால் மொத்தப் பெட்டிக்கும் அதே காலம். பெட்டியின் தடத்தில் கத்திகள் இறுக்கமாக உட்காருகின்றனவா, லொடலொட என்று ஆடுகின்றனவா என்று பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் சேர்ந்து பிறந்தவை.

பேட்டர்ன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வயது கண்டுபிடிக்க அது உதவாது. காம்பு வெறுமையாக, நுனி வட்டமாக, கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஓல்டு இங்கிலீஷ். நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால் ஹனோவேரியன். குழியின் அடியில் எலிவால் மாதிரி ஒரு மேடு ஓடினால் ராட்டெயில். காம்பின் இரு பக்கமும் தோள் வைத்து நுனி விரிந்தால் ஃபிடில். சிப்பியும் பூவும் சுருளும் நெரிசலாக இருந்தால் கிங்ஸ். ஓரம் முழுக்க மணி கோர்த்திருந்தால் பீட். உங்கள் வர்ணனைப்படி உங்களுடையது ஓல்டு இங்கிலீஷ், மிகச் சாதாரணமானது. சாதாரணமாக இருப்பதால் ஒரு லாபம், காணாமல் போன உருப்படிக்கு ஜோடி எளிதாகக் கிடைக்கும். கிங்ஸ் வைத்திருப்பவர்கள் திருப்பிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் பூ இருந்தால் நல்ல வேலை, முன்பக்கம் மட்டும் இருந்தால் செலவு மிச்சம் பிடித்தது. இந்த பேட்டர்ன்கள் எல்லாம் நூறு, இருநூறு வருஷமாக அச்சு மாறாமல் வருபவை. அதனால்தான் வடிவத்தைப் பார்த்து "விக்டோரியா காலத்துச் சாமான்" என்று சொல்லும் வியாபாரியை நான் நம்புவதில்லை.

அந்தத் தேக்கரண்டிக்கு வருவோம். இடது பக்கம் பார்த்து நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நங்கூரம் பர்மிங்காம் சோதனைக் கூடம். சிறுத்தைத் தலை என்றால் லண்டன், கோட்டை என்றால் எடின்பரோ, கிரீடம் என்றால் 1974 வரை ஷெஃபீல்டு, அதன் பிறகு ரோஜா. மூன்றாவதாகத் தனியாக நிற்கும் ஓர் எழுத்துதான் ஆண்டு. எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, எழுத்தின் பாணியும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவமும் சேர்ந்துதான் ஆண்டு. ஒரு சுற்று எழுத்துகள் முடிந்ததும் அடுத்த சுற்றுக்கு இரண்டையும் மாற்றுவார்கள். ஊருக்கு ஊர் அட்டவணை வேறு, ஆகவே நங்கூரம் உள்ள கரண்டிக்குப் பர்மிங்காம் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ராணி அல்லது ராஜா தலை ஒன்றும் கூட இருந்தால் பெரும்பாலும் 1890க்கு முந்தையது, 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாகக் குத்தியது அது. இந்த ஒரு கரண்டி பெட்டிக்குள் எப்படி வந்தது? இதன் முன்பக்க எழுத்து மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றும் சொல்கிறீர்கள். யாராவது குழந்தைக்குப் பெயர்சூட்டு விழாவில் கொடுத்ததாக இருக்கலாம், பிரிட்டிஷ் குடும்பங்களில் அது பழைய வழக்கம். தனியாக எடுத்து வையுங்கள்.

இப்போது முன்பக்கம். எனக்குப் பிடித்த பகுதி இது, நம் ஊர்ச் சாமானுக்கு உண்மையான மதிப்பும் இதில்தான். வாக்கர் அண்ட் ஹால் கரண்டி உலகம் முழுக்க லட்சக்கணக்கில் கிடக்கிறது. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்ட பங்களாவில் இருந்தது என்று நிரூபிக்கக்கூடிய கரண்டி அப்படிக் கிடைக்காது.

எழுத்து மூன்று வகையாக வரும். பின்னிப் பிணைந்த வளைவு எழுத்துகள் என்றால் பெரும்பாலும் ஒரு மனிதர் அல்லது ஒரு குடும்பம். நிமிர்ந்து நிற்கும் அச்செழுத்துகள், இடையில் புள்ளியோடு, அல்லது வட்டத்துக்குள், என்றால் நிறுவனம். எஃப்.எம்.எஸ்.ஆர். என்று இருந்தால் போருக்கு முந்தைய மலாய் மாநிலங்களின் ரயில்வே; அவர்கள் உணவுப் பெட்டிகளும் நிலைய ஹோட்டல்களும் நடத்தினார்கள். பி.ஐ.எஸ்.என். என்று இருந்தால் நம் தாத்தா பாட்டிகள் ஏறிவந்த ரஜுலா கப்பலின் கம்பெனி. ஆனால் அந்தக் கரண்டியில் சாப்பிட்டவர்கள் மேல்தட்டுப் பயணிகள், நம்மவர்கள் கீழ்த்தளத்தில் தகரத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வகை படம்: முறுக்கிய கயிறு போன்ற ஒன்றின் மேல் மான்தலை, கை, பறவை என்று ஏதாவது இருந்தால் குடும்பச் சின்னம். சுற்றிலும் பெல்ட்டும் பக்கிளும் இருந்து, பெல்ட்டில் ஒரு வாசகம் இருந்தால் ஸ்காட்லாந்துக் குலச் சின்னம். மலாயாத் தோட்டங்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் மிக அதிகம் என்பதால் இது அடிக்கடி வரும். கிறிஸ்டோஃபிள் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் சாமான் கிடைத்தால், சோக்ஃபின் என்ற தோட்டக் கம்பெனியின் தோட்டங்களில் பிரெஞ்சு, பெல்ஜியத் துரைகள் இருந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படிக்க முடியாத எழுத்தைப் படிக்க ஒரு வழி. மெல்லிய தாளை எழுத்தின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேயுங்கள், பள்ளியில் காசுக்குச் செய்வோமே அதே மாதிரி. பல கரண்டிகளில் இப்படி எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், ஒன்றில் தேய்ந்த கோடு இன்னொன்றில் தெரியும். பின்னிய எழுத்தில் எது முதல் எது கடைசி என்று குழப்பம் வரும்; பெரும்பாலும் எல்லாவற்றையும் விடப் பெரியதாக, அல்லது தடிமனாக இருப்பது குடும்பப் பெயரின் எழுத்து. ஐ (I), ஜே (J), டி (T) மூன்றும் வளைவு எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும், ஆகவே அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

பிறகு பூதக்கண்ணாடியில் கோட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். கோட்டுக்குள்ளும் வெள்ளை என்றால் தொழிற்சாலையிலேயே எழுத்தை வெட்டிவிட்டுப் பிறகு முலாம் போட்டிருக்கிறார்கள், அதாவது முதலாளி முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து வாங்கியிருக்கிறார். கோட்டுக்குள் மஞ்சள் தெரிந்தால் முலாமுக்குப் பிறகு வெட்டியது. செகண்ட் ஹேண்டாக வாங்கியவர் போட்டதாகவோ, கைமாறிய பின் போட்டதாகவோ இருக்கலாம். காரணம் இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் இறங்கியதும் பங்களாக்கள் காலியாகின, சாமான்கள் சிதறின. போர் முடிந்து வந்த புதிய துரைகள் கிடைத்ததைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். உங்கள் ஊரில் சொல்ல வேண்டியதில்லை, 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைகள் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்தது. அதன் பிறகும் பல பங்களாக்கள் கைமாறின. ஆகவே ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பேர் எழுத்துகள் இருந்தால் அதுவே ஒரு வரலாறு.

எழுத்து கிடைத்ததும் பெயரை எப்படித் தேடுவது? தாத்தா வேலை செய்த தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும், உத்தேசமாக ஆண்டும் தெரிந்தால் போதும். சிங்கப்பூர் தேசிய நூலகம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் போன்ற பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகத் தேடக் கொடுத்திருக்கிறது. அதில் தோட்டப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். துரைமார்களின் கல்யாணம், கிளப் விளையாட்டு, ஊருக்கு விடுப்பில் போவது, வருவது எல்லாம் அந்தக் காலத்தில் செய்தி. கிடைத்த பெயர்களின் முதல் எழுத்துகளை உங்கள் பென்சில் பிரதியோடு பொருத்திப் பாருங்கள். மூன்று எழுத்தும் பொருந்தினால் ஏறக்குறைய உறுதி. குடும்பப் பெயரின் எழுத்து மட்டும் பொருந்தினால் அவருடைய அப்பாவின் சாமானாகவோ மனைவி வீட்டுச் சீராகவோ இருக்கலாம், கல்யாணச் செய்தியில் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரைப் பாருங்கள்.

எழுத்தைத் தேய்த்தெடுக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். தொழில்ரீதியாகவும் அது கெட்ட வேலை. எழுத்தின் ஆழம் வரை சுற்றிலும் இழைத்தால் காம்பு அங்கே மெலியும், பிறகு எவ்வளவு முலாம் போட்டாலும் வெளிச்சத்தில் பள்ளம் தெரியும். புது முலாமே தேவையா என்றால், குழியின் அடி தேய்ந்த சில உருப்படிகளுக்கு மட்டும் போடலாம், மொத்தப் பெட்டிக்கும் போட்டால் முத்திரைகளின் கூர்மை போய்விடும்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீர், பாத்திர சோப்பு, மெல்லிய துணி. புளி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். வீட்டில் வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்; விளக்கு முழுக்க வெள்ளி, தாங்கும், இதில் வெள்ளி தோலளவுதான். கத்திப் பிடிகளை வெந்நீரில் ஊறப்போடவே கூடாது, உள்ளே அலகைப் பிடித்திருக்கும் பிசின் இளகி அலகு கழன்றுவிடும். பிடிகள் மஞ்சளேறிய வெள்ளையாக இருந்து, நுனியில் குறுக்கும் நெடுக்குமாக வலை போன்ற வரிகள் தெரிந்தால் யானைத் தந்தம். ஒரே சீராக இணைகோடுகள் மட்டும் என்றால் செல்லுலாய்டு. தந்தமாக இருந்தால் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, விற்கும் எண்ணம் வந்தால் முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கரண்டிகளை டஜன் டஜனாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் தோட்டத்துச் சாமான்தான், ஆனாலும் ரப்பரில் கலந்திருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும், பேண்ட் இருந்த இடத்தில் கோடு விழுந்தால் பாலிஷ் போட்டாலும் முழுதாகப் போகாது. இன்றைக்கே அவிழ்த்துவிட்டுப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அண்ணன் கல்யாண விருந்தில் தாராளமாகப் பரிமாறலாம், முட்டைச் சம்பலையும் ஊறுகாயையும் மட்டும் வேறு கரண்டியில் வையுங்கள். சாப்பாடு முடிந்ததும் கழுவித் துடைத்துவிட வேண்டும், உப்போடு இரவு முழுக்க விட்டால் மறுநாள் காலையில் புள்ளி விழுந்திருக்கும்.